குதிரைக்குட்டிக்கு டேப் பிடிப்பது எப்படி?

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டா பக்கம் சித்தப்பா வைத்திருக்கும் லாயத்தில் ஒரு குட்டி. பார்த்தவர்கள் எல்லாம் “கொழுகொழுன்னு இருக்கே” என்று மெச்சினார்கள். பத்தாவது மாதம் முன்னங்கால் முட்டிக்கு மேலே வீங்கியது. எலும்பு முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு வெறும் குருத்தெலும்புதான். அது இறுகுவதற்குள் பாரம் ஏறினால் நோகும். ஆறு மாதக் குட்டி முழு உயரத்தில் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும், எடையோ பாதிகூட இராது. அதனால் கண்ணை நம்பாமல் எடையை டேப்பால் அளந்துவிடுங்கள்.

படி 1: டேப். சிக்பேட்டையில் வாங்கிய தையல் டேப் 150 செ.மீ.தான், எங்கள் குட்டியின் மார்பைச் சுற்றி வரவில்லை. இரண்டை ஒட்டிக்கொண்டோம்.

படி 2: சமதரையில் நிறுத்துங்கள். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், டேப் என்றால் பின்வாங்கும். ஒருவர் தலைக்கயிற்றைப் பிடிக்கட்டும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, மூச்சை விட்டதும் எடுங்கள். அப்புறம் தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனைவரை நீளம்.

படி 3: சுற்றளவு × சுற்றளவு × நீளம், எல்லாம் செ.மீ.யில். ஒரு வயதுக் குட்டிக்கு 10,873ஆல் வகுத்தால் கிலோ வரும். பால் மறந்த சின்னக் குட்டிக்கு 10,115. எங்களுடையது அப்போது சுற்றளவு 155, நீளம் 140. கிட்டத்தட்ட 309 கிலோ. தோராயம்தான், ஆனாலும் ஒரே ஆள் ஒரே மாதிரி அளந்தால் ஏற்ற இறக்கம் தெரியும்.

படி 4: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். சீராக ஏறினால் கவலையில்லை. கொஞ்ச நாள் தேங்கி, பிறகு திடீரென்று பாய்ந்தால்தான் எனக்குப் பயம்.

படி 5: தினமும் முட்டியையும் குளம்புக்கு மேலே உள்ள கீழ்க்கணுவையும் உள்ளங்கையால் தடவுங்கள். சூடு, வலி, கணு உடுக்கை மாதிரி இடுங்கித் தெரிவது, இதில் எது இருந்தாலும் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தானியத்தைக் குறைக்கச் சொல்வார். தாது உப்பை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாகத் தவிடு. இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். குட்டிக்கோ பாஸ்பரஸைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கால்சியம் வேண்டும். குதிரைமசால் என்ற தீவனப்பயிரில் கால்சியம் தாராளம். இப்போது தவிட்டு வாளி மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டது.