கல்யாண மண்டபத்திலிருந்து யூடியூப் நேரலை: என்கோடர் பெட்டியில் நெட்வொர்க் அமைப்பது எப்படி?

கேமராவின் படத்தை இணையத்தில் அனுப்பும் வடிவத்துக்கு மாற்றும் பெட்டிதான் என்கோடர். கேமராவின் எச்டிஎம்ஐ வயரை அதில் செருகினால் படம் வந்துவிடும். அந்தப் படம் மண்டபத்தை விட்டு வெளியே போய் யூடியூபைச் சேர்வதில்தான் எல்லாச் சிக்கலும். புதிதாகப் பெட்டி வாங்கியவர்களுக்காக, நெட்வொர்க் பக்கத்தை மட்டும் இங்கே பார்ப்போம். சேனலில் நேரலை வசதியை முதல் முறை இயக்கினால், அது திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். அதனால் அதை முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

முதலில் அப்லோடு வேகம். டவுன்லோடு 100 எம்பிபிஎஸ் காட்டினாலும் நமக்கு அதனால் லாபமில்லை. மண்டபத்துக்கே போய், நேரலைக்குப் பயன்படுத்தப்போகும் அதே இணைப்பில் நாலைந்து முறை சோதித்து, வந்ததிலேயே குறைந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் பாதிதான் உங்கள் பிட்ரேட், அதாவது பெட்டி ஒவ்வொரு வினாடியும் அனுப்பும் டேட்டா அளவு. 4ஜி சிம் போட்ட ரௌட்டர் என்றால் கூடுதல் கவனம் தேவை. காலி மண்டபத்தில் வரும் வேகம், ஐந்நூறு பேர் அதே டவரில் போனை நோண்டிக்கொண்டிருக்கும் முகூர்த்த நேரத்தில் வராது. ஃபைபர் இணைப்பும் லேன் கேபிளும் கிடைத்தால் வைஃபையை நினைத்தே பார்க்காதீர்கள்.

அடுத்து பெட்டிக்குள் நுழைய வேண்டும். பெட்டியின் அடியிலோ கையேட்டிலோ ஓர் ஐபி முகவரி இருக்கும். அது 192.168.1.168 என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பையும் பெட்டியையும் லேன் கேபிளால் நேரடியாக இணைத்து, லேப்டாப்பின் ஐபியை 192.168.1.10 என்றும் சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0 என்றும் கொடுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். வைஃபை ரௌட்டரும் 192.168.1 வரிசையிலேயே இருந்தால் பிரவுசர் பெட்டியை அந்தப் பக்கம் தேடிக்கொண்டிருக்கும். பிரவுசரில் பெட்டியின் முகவரியைத் தட்டினால் உள்நுழைவுப் பக்கம் வரும். உள்ளே போனதும், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுவதுதான் முதல் வேலை.

இப்போது நெட்வொர்க் பக்கம். டிஹெச்சிபியா (ரௌட்டரே தானாக ஐபி கொடுப்பது), நிலையான ஐபியா (நாமே கொடுப்பது) என்று கேட்கும். மண்டபம் மண்டபமாகப் போகிறவர் என்றால் டிஹெச்சிபிதான் என் தேர்வு, ஏனென்றால் ஒவ்வோர் இடத்து ரௌட்டரும் ஒவ்வொரு வரிசையில் முகவரி கொடுக்கும். டிஹெச்சிபியை இயக்கியதும் பழைய முகவரி திறக்காது. பெட்டி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். இப்போது பெட்டியின் கேபிளை ரௌட்டரில் செருகி, லேப்டாப்பையும் பழையபடி தானாக ஐபி பெறும்படி மாற்றி அதே ரௌட்டரில் இணையுங்கள். ரௌட்டரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் பெட்டியின் புது முகவரி கிடைக்கும். திரை உள்ள பெட்டி என்றால் அதிலேயே தெரியும். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால் ரௌட்டர் எதுவும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். கேபிளைப் பாருங்கள்.

கோயில், ஸ்டுடியோ என்று ஒரே இடத்தில் நிலையாக வைப்பதென்றால் நிலையான ஐபி கொடுக்கலாம். அப்போது ஐபி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் நான்கும் சரியாக இருக்க வேண்டும். கேட்வே என்பது ரௌட்டரின் முகவரி. அது தவறானால் பெட்டியின் பக்கம் லேப்டாப்பில் ஜம்மென்று திறக்கும், ஆனால் வீடியோ வெளியே போகாது. டிஎன்எஸ் தவறானால் யூடியூப் சர்வரின் பெயரைப் பெட்டியால் முகவரியாக மாற்ற முடியாது. 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டால் போதும்.

அதே கையோடு பெட்டியின் தேதியையும் பாருங்கள். 1970 என்று காட்டினால் ஆர்டிஎம்பிஎஸ் (வீடியோவை மறையாக்கி யூடியூபுக்கு அனுப்பும் முறை) இணைப்பில் பாதுகாப்புச் சான்றிதழ் தவறு என்று பெட்டி மறுத்துவிடலாம். இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்டிபியை இயக்கினால் நேரம் தானாகச் சரியாகிவிடும்.

சரி, யூடியூப் ஸ்டுடியோவில் நேரலைப் பக்கத்தைத் திறந்து சர்வர் முகவரியையும் ஸ்ட்ரீம் கீயையும் (உங்கள் சேனலுக்கான ரகசியக் குறியீடு) நகலெடுத்துப் பெட்டியில் ஒட்டுங்கள். கீயின் கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தாலும் இணைப்பு கிடைக்காது. கீயை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள், அது யார் கையில் இருந்தாலும் உங்கள் சேனலில் ஒளிபரப்பலாம். மறையாக்கம் இல்லாத சாதாரண ஆர்டிஎம்பி 1935 என்ற போர்ட்டில் (நெட்வொர்க்கின் வாசல் எண்) போகும். கல்லூரி, அலுவலக நெட்வொர்க்குகளில் அதை அடைத்து வைத்திருப்பதுண்டு. அங்கே 443-இல் போகும் ஆர்டிஎம்பிஎஸ்-ஸைத் தேர்ந்தெடுங்கள். பெட்டிதான் வெளியே அனுப்புகிறது என்பதால் ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதைப் பெட்டிக்குத் திருப்பிவிடும் அமைப்பு) எதுவும் தேவையில்லை.

பிட்ரேட்டுக்கு வருவோம். 1080பி, 25 ஃபிரேம் வீடியோவுக்கு 5000 கேபிபிஎஸ் வைக்கலாம். முதலில் குறித்த எண்ணில் பாதி அவ்வளவு வரவில்லை என்றால் 720பி, 2500-க்கு இறங்கிவிடுங்கள். திக்கித் திக்கிப் போகும் 1080பி-யைவிட நிற்காமல் ஓடும் 720பி-யைத்தான் வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா விரும்புவார். பிட்ரேட் ஏறி இறங்காமல் ஒரே அளவில் இருக்கும் சிபிஆர் முறையைத் தேர்ந்தெடுங்கள். கீஃபிரேம் (முழுப் படமாக அனுப்பப்படும் ஃபிரேம்) இடைவெளி 2 வினாடி. சில பெட்டிகள் அதை ஃபிரேம் கணக்கில் கேட்கும், 25 ஃபிரேமுக்கு 50 என்று கொடுக்க வேண்டும். ஒலிக்கு ஏஏசி, 128 கேபிபிஎஸ்.

5000 கேபிபிஎஸ் என்றால் மணிக்குச் சுமார் 2.25 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி சிம் பேக் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதற்கேற்ப டேட்டா போட்டுக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் 'பிரைவேட்' என்று வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டு, ஸ்டுடியோவில் ஸ்ட்ரீம் நிலை பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். அவ்வப்போது மஞ்சளுக்குப் போனால் பிட்ரேட்டை 500 குறைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். நேரலையின் நடுவில் இதைச் செய்ய வேண்டாம், பல பெட்டிகள் அமைப்பை மாற்றியதும் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் மறுபடி தொடங்கும்.