ஓகஸ்ட் விடுமுறையில் குமண போகலாமா?

லண்டன், சுவிஸ் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்டு, குடும்பம் மட்டக்களப்புக்கு வந்து சேர ஜூலை கடைசியாகிவிடும். பொத்துவிலுக்குத் தெற்கே இருக்கும் குமண தேசிய பூங்காவின் வில்லுவில், அதாவது ஆழமில்லாத சதுப்பு ஏரியில், பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலமோ ஏப்ரலில் தொடங்கி ஜூலையோடு அடங்கிவிடும். கிண்ணை மரங்கள் வெள்ளை பூசியதுபோல நாரைகள் நிறைந்திருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு ஓகஸ்ட் நடுவில் போனால், காலியான கூடுகள்தான் மிஞ்சும்.

ஜூனில் வரக்கூடியவர்களுக்கு யோசனையே வேண்டாம். கனடாக்காரருக்கும் கொடுப்பினை உண்டு, அங்கே ஜூன் கடைசியில் பள்ளி விட்டுவிடும். ஆனால் இன்னொரு நாட்காட்டியையும் பார்க்கவேண்டும். கதிர்காமத் திருவிழாவுக்கான பாதயாத்திரைக்கு, பூங்கா வாசலான உகந்தையிலிருந்து பூங்காவுக்குள்ளால் போகும் காட்டுப்பாதை திறந்துவிடப்படும், ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு. திகதி ஆண்டுக்காண்டு மாறும். ஆயிரக்கணக்கான அடியார்கள் அரோகரா சொல்லி நடக்கும் பாதையோரத்தில் மிருகம் நிற்காது. நடக்க வருவதென்றால் அந்த நாட்களில் வாருங்கள். பார்க்க வருவதென்றால் பாதை மூடி நாலைந்து நாள் கழித்து வாருங்கள்.

ஓகஸ்டில்தான் முடியுமென்றால் போகவே கூடாதென்றில்லை. குளங்கள் வற்றும்போது மிச்சமிருக்கும் தண்ணீரைச் சுற்றி யானை, எருமை, மான், முதலை எல்லாம் ஒதுங்கும். பறவையும் அடியோடு இல்லாமல் போகாது. கூட்டம்தான் குறையும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்கால மழை. உள்வீதி சேறாகி ஜீப்பே புதையும், சில நாட்களில் உள்ளே விடவும் மாட்டார்கள்.

பழைய ஆட்கள் கூமுனை என்று சொல்லும் இந்த இடம் 1938இல் பறவைச் சரணாலயமானது. பிறகு யால கிழக்கு என்ற பெயரில் தேசிய பூங்காவாகி, யுத்தத்தால் 1985இலிருந்து 2003 வரை மூடிக்கிடந்து, 2006இல் குமண என்ற பெயரைப் பெற்றது. பக்கத்து யால பூங்காவின் நெரிசல் இங்கே இல்லை. சிறுத்தை உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பிப் போகிறவர் முகம் தொங்கித்தான் திரும்புவார். ஜூன், ஜூலையில் பாலைப்பழம் பழுத்திருந்தால் கரடி மரமேறும். பாலை மரத்தைக் கண்டால் மேலேயும் பாருங்கள்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பொத்துவிலுக்கு ஏறக்குறைய 110 கிலோமீற்றர். காலையில் வெளிக்கிட்டு அன்றைக்கே பூங்காவும் பார்ப்பது சரிவராது. முதல்நாள் மாலைக்குள் பொத்துவிலிலோ அறுகம்பையிலோ தங்கிவிடுங்கள். காசு எடுப்பதும் எண்ணெய் அடிப்பதும் பொத்துவிலில் முடியவேண்டும், வழியில் கடைசி ஊரான பாணமைக்கு அப்பால் கடையே கிடையாது. அறுகம்பையிலிருந்து பூங்கா வாசலான உகந்தை ஏறக்குறைய 30 கிலோமீற்றர். பாணமை கடந்ததும் கிரவல் வீதி. வாடகை வான் உகந்தைவரை தட்டுத்தடுமாறி வந்துவிடும், உள்ளே ஓடாது. ஃபோர் வீல் ஜீப்தான் வேண்டும்.

ஜீப் பேசும்போது ஏமாற்றம் நடப்பது ஒரே இடத்தில்தான். சொல்லப்படும் தொகை பெரும்பாலும் வாகனத்துக்கு மட்டும். நுழைவுச்சீட்டு, வாகனக் கட்டணம், குழுவுக்கான சேவைக் கட்டணம், இவற்றின்மேல் வரி என்று வாசலில் வேறு கணக்கு வரும். "டிக்கெட்டோட சேர்த்தா, ஜீப்புக்கு மட்டுமா?" என்று முதலிலேயே கேளுங்கள். சேவைக் கட்டணம் தலைக்கு அல்ல, குழுவுக்கு என்பதால் இரண்டு குடும்பம் ஒரே ஜீப்பில் போனால் மிச்சம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு வெளிநாட்டார் கட்டணம், உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு. தமிழ் பேசுவதாலோ பிறந்த இடம் கல்லடி என்பதாலோ அது மாறாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள்.

வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும். அந்நேரம் அங்கே நிற்க அறுகம்பையிலிருந்து நாலரைக்கு வெளிக்கிடவேண்டும். அந்த இருட்டில் பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில் யானை வீதியில் நிற்கலாம். ஹோர்ன் அடிப்பது, பிளாஷ் போட்டுப் படமெடுப்பது, கிட்டப் போவது மூன்றும் வேண்டாம். தள்ளி நிறுத்தி, அது விலகும்வரை காத்திருப்பதுதான் வழி. தனித்து நிற்கும் கொம்பனென்றால் இன்னும் தூரத்தில் நில்லுங்கள்.

சாப்பாட்டைப் பொலித்தீனில் சுற்றிய சோற்றுப் பார்சலாகக் கொண்டுவந்தால் வாசலிலேயே பிரச்சினை. வாழையிலையில் கட்டுங்கள், அல்லது டிபன் பெட்டி. தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர், திரும்ப நிரப்பும் போத்தலில். கூடவே கோயிலுக்கும் போவதாயிருந்தால் இறைச்சிப் பார்சல் வேண்டாம். ட்ரோனை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். உடுப்பு மங்கிய நிறத்தில் இருக்கட்டும்.

வனசீவராசிகள் திணைக்கள வழிகாட்டி ஒருவர் ஜீப்பில் ஏறுவார். சிங்களம்தான் பேசுவார் என்று வைத்துக்கொண்டு, தமிழ் தெரிந்த பொத்துவில் சாரதியைப் பிடிப்பது நல்லது. ஏறியவுடன் பறவைதான் முக்கியம் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சிறுத்தைத் தடம் தேடியே காலைப்பொழுது போய்விடும். வில்லுவில் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் ஒரே மரக்கூட்டத்தில் பங்குபோட்டுக் குடியிருக்கும். இலங்கையில் மிக அரிதான கருங்கழுத்து நாரையைத் தேடவேண்டிய இடமும் இந்தப் பூங்காதான். அதற்குத் திறந்த சதுப்புவெளிகளைத் தொலைநோக்கியால் துழாவவேண்டும், கைபேசிக் கமராவுக்கு எட்டாது. அனுமதித்த இடம் தவிர இறங்கக்கூடாது. குமுக்கன் ஆற்றங்கரை நிழலாய் அழகாய்த்தான் இருக்கும், ஆனால் ஆற்றில் முதலை உண்டு, காலை நனைக்கப் போகவேண்டாம்.

பதினொரு மணிக்கு வெயில் ஏறிவிட்டால் மிருகங்கள் நிழலுக்குள் போய்விடும், நீங்களும் வெளியே வந்துவிடலாம். உகந்தை முருகன் கோயில் வாசலுக்கு அருகிலேயே. மத்தியானப் பூசைக்கு நேரம் சரியாக இருக்கும், வேட்டி ஒன்றைப் பையில் வைத்திருங்கள். மலையேறி வள்ளியம்மனைக் கும்பிடுவதென்றால் பாறை கொதிக்கும், வெறுங்காலோடு பிள்ளைகள் தாங்கமாட்டார்கள். தடித்த காலுறை உதவும். அர்ச்சனைத் தட்டைக் குரங்கு பறிக்கும், மூடிப் பிடியுங்கள். கடற்கரையில் முருகன் வந்திறங்கிய கல்லோடம் என்று காட்டும் பாறையைப் பார்க்கலாம். அலை இழுக்கும் கடல், குளிக்க ஏற்றதல்ல. பொழுது சாயமுன் பாணமையைக் கடந்துவிடுங்கள்.