கார் ஸ்பீக்கர் மாற்றுவது எப்படி? கதவிலிருந்து தொடங்குங்கள்

காரோடு கூடவே வரும் ஸ்பீக்கர்களில் பலவற்றில் கூம்பு மெல்லியது, காந்தம் சிறியது. ஒலியைக் கொஞ்சம் கூட்டினாலே கரகரக்கும்; தாழ்ந்த சுரங்கள் கரைந்துபோகும். மாற்ற முடிவெடுத்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, “எந்த ஸ்பீக்கர் நல்லது?” என்பதுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அது உட்காரப்போகும் கதவு எப்படி இருக்கிறது?

வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி உண்டு. காரில் கதவுதான் பெட்டி. அதுவோ மெல்லிய தகடு; நடுவில் பெரிய ஓட்டைகள்; உள்ளே கண்ணாடி, மோட்டார், கம்பிகள். ஓட்டைகளை நன்றாக அடைத்த கதவில் பொருத்திய நடுத்தர ஸ்பீக்கர், ஓட்டைக் கதவில் பொருத்திய விலையுயர்ந்த ஸ்பீக்கரைத் தோற்கடித்துவிடும். ஆகவே கையிலிருக்கும் பணம் முழுவதையும் ஸ்பீக்கரிலேயே போட்டுவிடாதீர்கள். கதவுக்கென்று ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள்.

படி 1: அளவு எடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு கதவின் உட்பலகையையாவது கழற்றி (எப்படி என்பது படி 4-இல்) பழைய ஸ்பீக்கரைப் பார்த்துவிடுங்கள். முன்கதவில் அதிகம் காணப்படுவது 6.5 அங்குல வட்ட ஸ்பீக்கர். பின்புறத் தட்டில் 6×9 அங்குல நீள்வட்டம் இருக்கலாம். இவை வெறும் பெயரளவுகள். “6.5” என்று எழுதியிருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களின் திருகுத் துளைகள் வெவ்வேறு இடங்களில் இருக்கக்கூடும். எனவே துளையின் விட்டம், திருகுகளுக்கு இடையிலான தூரம், ஆழம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் ஏமாற்றுவது ஆழம்தான். ஜன்னல் கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கிய நிலையில், ஸ்பீக்கர் அமரும் பரப்பிலிருந்து கண்ணாடி வரை அளக்க வேண்டும். காந்தம் கண்ணாடியில் இடித்தால் அந்த ஸ்பீக்கர் உங்கள் காருக்கு ஆகாது. சில மில்லிமீட்டர்தான் குறைகிறது என்றால், தடிமனான அடாப்டர் வளையம் வைத்து ஸ்பீக்கரை முன்னால் தள்ளலாம். அப்போது முன்பக்க வலை மூடியில் இடிக்காதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: வகையைத் தேர்ந்தெடுங்கள்

கோஆக்சியல் வகையில் பெரிய கூம்பின் நடுவிலேயே ட்வீட்டர் (உயர்ந்த சுரங்களுக்கான குட்டி ஸ்பீக்கர்) அமர்ந்திருக்கும். பொருத்துவது எளிது. காம்போனென்ட் வகையில் வூஃபர் (தாழ்ந்த சுரங்களுக்கான பெரிய ஸ்பீக்கர்), ட்வீட்டர், இரண்டுக்கும் சுரங்களைப் பிரித்துக்கொடுக்கும் கிராஸ்ஓவர் மூன்றும் தனித்தனி. உயர்ந்த சுரங்கள் ஒரே திசையில் நேராகப் பாய்பவை. கதவின் அடியில் ட்வீட்டர் இருந்தால் அவை உங்கள் முழங்காலுக்குத்தான் போய்ச் சேரும். ட்வீட்டரை முன்கண்ணாடியின் பக்கக் கம்பத்தின் அருகிலோ டேஷ்போர்டின் மேலோ வைத்தால் பாடகரின் குரல் முன்னால் எழுந்து நிற்கும். உங்கள் காரில் ட்வீட்டருக்கு ஏற்கெனவே இடம் இருந்தால், யோசிக்காமல் முன்பக்கத்துக்குக் காம்போனென்ட் வாங்குங்கள். பின்பக்கத்துக்குக் கோஆக்சியல் போதும்; பழையதையே விட்டுவைத்தாலும் பெரிய இழப்பில்லை.

ஒரு எச்சரிக்கை: முன்கண்ணாடிக்கு இருபுறமும் உள்ள கம்பங்களுக்குள் பல கார்களில் திரை ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அங்கே துளையிடவே கூடாது.

“மூன்று வழி”, “நான்கு வழி” என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் கோஆக்சியல்களைக் கண்டு மயங்க வேண்டாம். கூடுதலாக ஒட்டிய குட்டி ட்வீட்டர்கள் ஒலியைச் செம்மைப்படுத்துவதைவிட அட்டையை அழகுபடுத்துவதே அதிகம்.

படி 3: மூன்று எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முதல் எண் ஆர்எம்எஸ் வாட். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது கண நேர உச்ச அளவு, அதை விட்டுவிடுங்கள். ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கும் அளவே ஆர்எம்எஸ். இதே கணக்கு டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோவுக்கும் பொருந்தும். “4×50 வாட்” என்று எழுதியிருக்கும் ஸ்டீரியோ, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தொடர்ந்து தருவது ஏறத்தாழ 15 முதல் 22 வாட் வரைதான்.

இரண்டாவது, உணர்திறன். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அது. 3 டெசிபல் வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். ஆனால் அதை ஈடுகட்ட இரண்டு மடங்கு மின்சக்தி தேவை. 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் வேண்டிய இடத்தில் 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் போதும். தனி ஆம்ப்ளிஃபயர் (ஒலியின் மின்சக்தியைக் கூட்டும் கருவி) வைக்காமல் ஸ்டீரியோவிலேயே ஓட்டப்போகிறீர்கள் என்றால் நீங்கள் பார்க்க வேண்டிய முதன்மையான எண் இதுதான். ஒரு நுணுக்கம்: சில நிறுவனங்கள் 2.83 வோல்ட் கொடுத்து அளக்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 2 வாட். அந்த எண்ணிலிருந்து 3 டெசிபல் கழித்த பிறகுதான் மற்றதோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, ஓம்; ஸ்பீக்கரின் மின்தடை அளவு. கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். ஸ்டீரியோ 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று சொன்னால் 2 ஓம் ஸ்பீக்கரை இணைக்காதீர்கள், சூடாகிக் கெட்டுவிடும். காரிலேயே ஆம்ப்ளிஃபயர் பொருத்தி வந்திருந்தால் பழைய ஸ்பீக்கரின் பின்னால் எழுதியிருக்கும் ஓம் அளவைப் பார்த்து அதற்கு ஒத்ததையே வாங்குங்கள்.

படி 4: கதவைக் கழற்றுதல்

பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். பேட்டரியைக் கழற்றினால் சில ஸ்டீரியோக்கள் மீண்டும் ரகசிய எண் கேட்கும். அதை முன்பே தேடி எடுத்து வையுங்கள். பல கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார் கதவுக்குள் இருக்கும். எந்த கப்ளராவது (கம்பிகளை இணைக்கும் செருகி) பிரிந்திருக்கும் நிலையில் இக்னிஷனைப் போடக் கூடாது.

கதவின் உட்பலகையைத் திருகுகளும் கிளிப்புகளும் பிடித்திருக்கும். திருகுகள் கைப்பிடிக் குழியிலும் சிறிய மூடிகளுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்த பிறகு, பிளாஸ்டிக் நெம்புகோலைக் கீழ்ப்பக்க ஓரத்தில் செருகி ஒவ்வொரு கிளிப்பாக விடுவியுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயிண்ட் உரியும். பலகையை வேகமாக இழுக்க வேண்டாம். பின்னால் பூட்டின் கேபிளும் ஜன்னல் பொத்தானின் கப்ளரும் தொங்கிக்கொண்டிருக்கும். கிளிப்புகள் சில உடைவது வழக்கம். ஒரு கைப்பிடி புதியவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

பழைய ஸ்பீக்கர் ரிவெட் அடித்திருந்தால் அதன் தலையை மட்டும் துளைப்பானால் எடுத்துவிடலாம். இரும்புத் துகள் கதவுக்குள்ளும் புதிய காந்தத்தின் மேலும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: கதவின் ஓட்டைகளை அடைத்தல்

இந்தக் கட்டத்தில் அவசரம் வேண்டாம். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஓட்டைகள் வழியே சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். முதலில் காணாமல் போவது தாழ்ந்த சுரங்கள். “புது ஸ்பீக்கரில் பாஸே இல்லை” என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உட்தகட்டை எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள வெளித்தகட்டிலும் உட்தகட்டின் பரந்த பகுதிகளிலும் அலுமினியம் போர்த்திய பியூட்டைல் டாம்பிங் ஷீட்டை (அதிர்வை அடக்கும் ரப்பர் விரிப்பு) ஒட்டி, உருளையால் அழுத்துங்கள். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. பரப்பில் கால் பங்கு ஒட்டினாலே அதிர்வு நன்றாக அடங்கிவிடும். பெரிய ஓட்டைகளின் மேல் விறைப்பான தகட்டைத் திருகி, ஓரத்து இடுக்குகளை அடைத்துவிடுங்கள். பின்னாளில் ஜன்னல் மோட்டார் பழுதானால் கழற்ற முடிகிற விதத்தில் செய்யுங்கள். சில கார்களில் மோதல் சென்சார் கதவுக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை வைத்து வேலை செய்யும். அதைத் தொடவோ மூடவோ கூடாது. அந்தக் கார்களில் கதவில் புதிய ஓட்டை போடுவதும் ஆபத்து.

மழைநீர் கண்ணாடியின் இடுக்கு வழியே கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள சிறு துளைகள் வழியே வெளியேறும். அந்தத் துளைகளை அடைத்துவிடாதீர்கள். இதே காரணத்தால் எம்டிஎஃப் (மர இழைகளை அழுத்திச் செய்த பலகை) வளையம் ஊறி உப்பிவிடும். பிளாஸ்டிக் அல்லது அலுமினிய வளையமே நல்லது. கிராஸ்ஓவர் பெட்டியையும் ஈரம் படாத பக்கத்தில் வையுங்கள்.

படி 6: இணைப்பும் பொருத்துதலும்

பழைய கம்பியை வெட்டாதீர்கள். உங்கள் காருக்குரிய அடாப்டர் கப்ளர் கிடைக்கும். பாசிடிவ், நெகடிவ் எது என்று தெரியாவிட்டால் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை, கப்ளர் பிரித்த பழைய ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே நகர்ந்தால் பேட்டரியின் பாசிடிவ் தொட்டதே ஸ்பீக்கரின் பாசிடிவ். அந்த முனைக்கு வரும் கம்பியைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய ஸ்பீக்கரில் பெரும்பாலும் அகலமான முனை பாசிடிவ். ட்வீட்டரில் இந்தச் சோதனை வேண்டாம்.

வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவில், வளையத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், இரண்டு இடத்திலும் ஃபோம் நாடா ஒட்டுங்கள். திருகுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஸ்பீக்கரின் முகத்தைச் சுற்றியும் ஒரு ஃபோம் வளையம் வைத்தால் ஒலி உட்பலகையின் பின்னால் சிதறாமல் வலையின் வழியே நேராக வெளியே வரும்.

பலகையை மூடுவதற்கு முன், எல்லாக் கப்ளர்களையும் மாட்டி, பேட்டரியை இணைத்து, ஒலியைக் கேளுங்கள். பாலன்ஸ் நடுவில் இருக்கும்போது பாஸ் மெலிந்தும், ஒரு பக்கமாகத் திருப்பினால் அது கனத்தும் கேட்டால், ஒரு ஸ்பீக்கரின் கம்பிகள் தலைகீழாகிவிட்டன என்று பொருள். ஜன்னலையும் முழுவதும் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

படி 7: ஒலியைச் சரிசெய்தல்

ஈக்வலைசரை முழுவதும் சமமாக வையுங்கள். “லவுட்னஸ்”, “பாஸ் பூஸ்ட்” போன்றவற்றை அணையுங்கள். அடுத்து, தாழ்ந்த சுரங்களைத் தடுக்கும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதே ஒலியளவுக்கு, அதிர்வெண் பாதியாகும்போது கூம்பு நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். 40 ஹெர்ட்ஸைக் கதவு ஸ்பீக்கரிடம் கேட்பது அதை வதைப்பது. சப்வூஃபர் (மிகத் தாழ்ந்த சுரங்களுக்கான தனி ஸ்பீக்கர்) இல்லையென்றால் 60 ஹெர்ட்ஸ் வரை இறங்கிப் பார்க்கலாம்.

தனி ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதன் மின்கம்பியில், பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது. கம்பி எங்காவது உரசிக் காரின் உலோக உடலில் பட்டால் கார் தீப்பிடிக்கலாம். ‘கெயின்’ என்பது ஒலிக் குமிழ் அல்ல. ஸ்டீரியோவின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரை இசைவாக்கும் குமிழ். ஸ்டீரியோவை முக்கால் அளவில் வைத்து, பாட்டு தெளிவாக இருக்கும் வரை மெல்ல ஏற்றுங்கள். கரகரப்பு தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்துங்கள். அளவு மீறி ஏற்றியதால் உச்சி வெட்டுப்பட்ட ஒலி அலை முதலில் எரிப்பது ட்வீட்டரைத்தான்.

ஸ்டீரியோவில் டைம் அலைன்மென்ட் (எல்லா ஸ்பீக்கர்களின் ஒலியும் ஒரே நேரத்தில் காதை எட்டச் செய்யும் வசதி) இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஒலி 1 மில்லி விநாடியில் சுமார் 34 செ.மீ. போகிறது. அருகிலுள்ள ஸ்பீக்கர் உங்கள் காதிலிருந்து 90 செ.மீ., தூரத்திலுள்ளது 135 செ.மீ. என்றால், அருகிலுள்ளதை 1.3 மில்லி விநாடி தாமதப்படுத்துங்கள். பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்த குரல் நகர்ந்து நேர் முன்னால் வந்து நிற்கும். இந்த ஒரு மாற்றம் தரும் மகிழ்ச்சியை வேறு எந்தப் பொத்தானும் தருவதில்லை.

ஈக்வலைசரைக் கடைசியில் தொடுங்கள். குறைவாகக் கேட்பதைக் கூட்டுவதைவிட, மிகையாகக் கேட்பதைக் குறைப்பதே பாதுகாப்பு.

எங்காவது தகடோ பிளாஸ்டிக்கோ சலசலத்தால், 40 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் சோதனை ஒலியை ஓட்டியபடி உட்பலகையின் வெவ்வேறு இடங்களைக் கையால் அழுத்துங்கள். அழுத்தியதும் சத்தம் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, பலகையைத் திரும்பக் கழற்றி, அந்த இடத்தின் பின்புறத்தில் துணி நாடா ஒட்டுங்கள். கதவில் எதுவும் அகப்படாவிட்டால் கதவுப் பையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலையும் சில்லறைக் காசுகளையும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.