குடும்ப வகுப்புக்கு முதல்முறை உதவப் போகிறீர்களா?

எங்கள் ஊர் மகளிர் குழுக் கட்டடத்தில் ஞாயிறு மாலை 4 மணிக்கு நடக்கும் குடும்ப வகுப்புக்கு உதவியாளராகப் போய்வருகிறேன். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வரும் வகுப்பு. புதிதாக உதவ வருகிறவர்கள் அறிவுரை சொல்லத் தயாராகி வருகிறார்கள். அது வேண்டாம். வீட்டில் வாய் திறக்காதவர்கள் இங்கே பேசத் தோதான இடம் அமைத்துக் கொடுப்பதுதான் நம் வேலை.

படி 1: நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான வகுப்பு முறை ஒன்று உண்டு. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கானது. 7 வாரம், வாரத்துக்கு 2 மணி நேரம். முதல் மணி நேரம் பெற்றோர் ஓர் அறையில், பிள்ளைகள் வேறு அறையில்; அடுத்த மணி நேரம் எல்லோரும் குடும்பமாக. நாங்களும் அப்படித்தான் நடத்துகிறோம். அப்பா எதிரில் இருக்கும்போது முதல் வார்த்தையே வராத பிள்ளைக்கு இந்தத் தனி ஒரு மணி நேரம் பெரிய ஒத்திகை.

படி 2: அப்பாக்களைத் தனியாக அழையுங்கள்

நோட்டீஸ் ஒட்டினால் அம்மாக்கள் மட்டும் வருவார்கள். அப்பாவுக்கு நேரடியாகப் போன் செய்து, “அண்ணே, நீங்களும் வந்தாத்தான் சரியா இருக்கும்” என்று கேளுங்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள். சுண்டலும் டீயும் வந்தவுடனேயே கொடுத்துவிடுங்கள். பசியோடு யாரும் பொறுமையாகக் கேட்க மாட்டார்கள்.

படி 3: ரகசியத்தின் எல்லையைச் சொல்லுங்கள்

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள், மேடை வேண்டாம். இங்கே பேசுவது வெளியே போகாது என்று சொல்லும்போதே, “யாருக்காவது ஆபத்துன்னா மட்டும் உரியவங்ககிட்ட சொல்லியாகணும்” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரியவந்தால் காவல் துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டியது 2012 போக்சோ சட்டப்படி கட்டாயம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் அடி உதை இருப்பது தெரிந்தால் அந்தக் குடும்பத்தை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்லாதீர்கள். இங்கே பேசியதற்கு வீட்டில் அடி விழும்.

படி 4: ‘நீ’யை ‘எனக்கு’ ஆக்குங்கள்

வகுப்பின் உயிர் இதுதான். “நீ எப்பவும் லேட்டாத்தான் வருவே” என்றால் பிள்ளை உடனே எதிர்வாதத்துக்குத் தயாராகிவிடும். “ஏழு மணி ஆகியும் காணோம்னதும் எனக்குப் பயமாப் போச்சு” என்றால் வாதாட அங்கே ஒன்றும் இல்லை. தாமஸ் கார்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1962-லேயே பெற்றோர் வகுப்பு தொடங்கியவர். ‘நான்’ என்று தொடங்கிப் பேசும் இந்த முறையைப் பரப்பியவர். தமிழில் ‘நான்’ அவ்வளவாகப் பொருந்தாது. கோபமும் கவலையும் நமக்கு ‘எனக்கு’ என்றுதான் வரும். எனவே ‘எனக்கு’ என்றே தொடங்கச் சொல்லுங்கள்.

ஒன்றில் கவனமாக இருங்கள். “எனக்கு உன்னைப் பார்த்தாலே வெறுப்பா இருக்கு” என்பதும் ‘எனக்கு’தான்! அதனால் என்ன நடந்தது, எனக்கு எப்படி இருந்தது, என்ன வேண்டும் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லவையுங்கள். பெற்றோர் அறையில் ஒருவர் பிள்ளையாக நடிக்கட்டும். பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்ததுமே பலருக்குக் குரல் இறங்கிவிடும். அந்த நேரத்தில் குறுக்கே பேசாதீர்கள்.

படி 5: சேர்ந்து உட்காரும் நேரம்

பிள்ளை இரண்டு நிமிடம் பேசட்டும். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது மட்டும்தான் பெற்றோர் வேலை. பதில் சொல்லக் கூடாது. பிறகு இடம் மாறலாம். தனி அறையில் பிள்ளை சொன்னதை நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். “அன்னைக்குச் சொன்னியே, சொல்லு” என்று ஒருமுறை தூண்டிவிட்டால் அந்தப் பிள்ளை உங்களை மறுபடி நம்பாது.

படி 6: வகுப்புக்கு அப்புறம்

வீட்டுப்பாடம் சின்னதாக இருக்கட்டும்: வாரத்தில் ஒரு நாள் டிவியும் செல்போனும் இல்லாமல் ஒன்றாகச் சாப்பிடுவது. வராத குடும்பத்துக்குச் செவ்வாய்க்குள் போன் செய்யுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காமல், நலம் விசாரித்து அடுத்த ஞாயிறு என்ன செய்யப்போகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள்.