பழைய ஆக்சிஜன் சென்சாரைத் தூக்கிப் போடாதீர்கள்

எங்கள் கடைக் கல்லாவுக்கு மேலே சாமி படம், அதன் கீழே ஒரு கிண்ணத்தில் விபூதி. நெற்றிக்கு இட்டது போக அந்த விபூதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. காரின் புகைக்குழாயில் இருந்துகொண்டு புகையில் எவ்வளவு ஆக்சிஜன் என்று அளப்பது ஆக்சிஜன் சென்சார். கழற்றிக் கொண்டுவந்த பழைய சென்சாரைப் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, ஸ்பேனர் பிடிக்கிற ஆறு பட்டையைச் சுற்றி ஒரு சிட்டிகை தேய்ப்பேன். பொறித்த எழுத்துக்குள் வெள்ளை இறங்கி உட்காரும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் கண்ணுக்கே தெரியாமல் இருந்த எண் பளிச்சென்று வரும்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 19 வருடமாக ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் நிற்கிறேன். சென்சார் கேட்டு வருகிறவர்களிடம் வண்டிப் பேரைக் கேட்பதற்கு முன்னால் இந்த எண்ணைத்தான் கேட்பேன். போஷ் கம்பெனி என்றால் 0258 என்று தொடங்கும் பத்து இலக்கம். டென்சோவிலும் என்டிகேவிலும் அவரவர் எண் இருக்கும்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பெரும்பாலான கார்களில் இந்த சென்சாரின் மரை ஒன்றேதான், 18 மில்லிமீட்டர். கழற்ற 22 ஸ்பேனர். அதனால் தப்பான சென்சாரும் அழகாக உள்ளே ஏறிவிடும். கிருமாம்பாக்கத்திலிருந்து வந்த டாக்சிக்காரர் ஒருவருக்கு அப்படித்தான் கொடுத்துவிட்டேன். மரை சேர்ந்தது, ஒயர் முனையில் இருக்கும் கப்ளரும் 'டக்'கென்று மாட்டியது. மூன்றாம் நாள் திரும்பி வந்தார். "அண்ணா, இன்ஜின் லைட்டு திரும்ப எரியுதுண்ணா." ஸ்கேனர் போட்டால் பி0135 என்ற கோடு, அதாவது கோளாறு எண். முன் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரில் கோளாறு என்று அர்த்தம். நான் கொடுத்ததில் ஹீட்டரின் ஓம் அளவு வேறு. எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது என்று கடையில் போர்டே மாட்டியிருக்கிறோம், ஆனாலும் அன்று திருப்பி வாங்கிக்கொண்டேன். அவருக்கு மூன்று நாள் சவாரி போனதை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

வாங்குவதற்கு முன் எந்த சென்சார் என்று முடிவு செய்யுங்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் இருப்பது சென்சார் 1, பின்னால் இருப்பது சென்சார் 2. நம் ஊரில் ஓடும் மூன்று, நாலு சிலிண்டர் கார்களுக்குப் பெரும்பாலும் பேங்க் 1, அதாவது ஒரே சிலிண்டர் வரிசை மட்டும்தான். பி0130 முதல் பி0135 வரை முன்னது, பி0136 முதல் பி0141 வரை பின்னது. ஹீட்டர் கோடு வந்தால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்கிற பி0420 வந்ததும் பின் சென்சாரை மாற்றச் சொல்வார்கள். பல நேரம் அந்த சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும், கன்வர்ட்டர்தான் தளர்ந்திருக்கும். பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்கிற பி0171ம் அப்படித்தான். எங்கோ காற்று உறிஞ்சுகிறது என்பதே அதற்கு அர்த்தமாக இருக்கலாம். மைலேஜ் இறங்கினால் புதுச்சேரி எல்லையில், முள்ளோடையில் போட்ட பெட்ரோலின் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. கோடு பார்க்காமல் எதன் மேலும் பழி போட வேண்டாம்.

கடலோர ஊர் என்பதால் இதையும் சொல்கிறேன். உப்புக்காற்றில் சைலன்சர் பைப்பின் ஜாயின்ட் அரித்து ஓட்டை விழும். அது சென்சாருக்கு முன்னால் இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும், நல்ல சென்சாரும் தப்பாகக் காட்டும். 2024 ஃபெஞ்சல் மழையில் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ அதற்குப் பிறகு எங்களிடம் வந்தன. பாதிக்கு மேல் கப்ளர் பின்னில் பச்சை பூத்திருந்தது. சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது, சென்சார் விற்கவே இல்லை.

இனி ஒயர். போஷ் நாலு ஒயர் சென்சாரில் வெள்ளை இரண்டும் ஹீட்டர், கருப்பு சிக்னல், சாம்பல் எர்த். டென்சோவில் கருப்பு இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். கருப்பு போஷில் சிக்னல், டென்சோவில் ஹீட்டர் என்பதைக் கவனியுங்கள். எல்லா நாலு ஒயரும் ஒன்றல்ல. சாதாரண சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே தாவும். ஏர் ஃப்யூயல் சென்சார் என்று சொல்வது வேறு ஜாதி, கரன்ட்டை வைத்து வேலை செய்வது. அதில் நாலு ஒயரும் உண்டு, ஐந்து ஒயரும் உண்டு. ஒன்றுக்கு பதில் மற்றொன்று போடவே கூடாது.

பழைய சென்சார் கையில் இல்லை என்றால் ஆர்.சி.யைக் கொண்டுவாருங்கள். 17 எழுத்து சேசிஸ் எண்ணும் தயாரித்த மாதமும் வேண்டும். ஒரே பேர் கொண்ட கார் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்தபோது உள்ளுக்குள் மாறியிருக்கும். பேரை மட்டும் சொன்னால் நான் ஊகித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒயரை வெட்டி ஒட்டும் யுனிவர்சல் சென்சாரை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. பல சென்சார்கள் ஒயருக்குள் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் வெளிக்காற்றை எடுத்து ஒப்பிடுகின்றன. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த வழி அடைபடும். முறுக்கி டேப் சுற்றினால் நம் ஊர்க் காற்றில் ஒயர் பச்சை பிடித்துவிடும்.

கழற்றியதன் முனையையும் பாருங்கள். எண்ணெய்ப் பசையோடு கருப்பு என்றால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. வெள்ளையாகப் பூத்திருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதா, யாராவது கண்டபடி சிலிக்கான் பசை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதைச் சரி செய்யாமல் புதியதைப் போட்டால் அதுவும் போய்விடும்.

முந்தின ராத்திரியே மரையில் துரு எண்ணெய் விட்டு, இன்ஜின் லேசாகச் சூடாக இருக்கும்போது கழற்றுங்கள். மரையில் கம்பெனி தடவிய பசை போதும், முனையில் எதுவும் படக் கூடாது. கீழே போட்டதை மாட்ட வேண்டாம், உள்ளே இருப்பது பீங்கான். மாட்டியதும் கோடை அழித்து, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, ஸ்கேனரில் லைவ் டேட்டா, அதாவது அந்த நேரத்து அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண சென்சார் என்றால் முன்னது ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், பின்னது பெரிதாக ஆடாமல் நிற்க வேண்டும். அதுவரை பழையதை டிக்கியிலேயே வைத்திருங்கள்.