நூலிழையில் நழுவிப் போச்சா? மறுபடி இறங்கும் முன் இதைச் செய்யுங்கள்

இரண்டு மார்க்கில் கட் ஆஃப் தவறிவிட்டது, நேர்காணலில் கடைசி இரண்டு பேரில் ஒருவராக நின்று வேலை மற்றவருக்குப் போய்விட்டது. இந்த மாதிரித் தோல்வி படுதோல்வியைவிட அதிகமாக வலிக்கும். மோசமாகத் தோற்றால் 'நமக்கு இது சரிப்படாது' என்று எழுந்து போய்விடலாம், இங்கே அந்த ஆறுதலும் கிடையாது. ஆனால் அந்த எரிச்சலில் நல்ல வேகம் இருக்கிறது, புலம்பியே தீர்த்துவிடாமல் இருந்தால்.

முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அது திறமை சம்பந்தப்பட்ட விஷயமா, வெறும் அதிர்ஷ்டமா? லாட்டரியில் ஒரே ஒரு எண் தள்ளிப் போனால் நீங்கள் பரிசை நெருங்கிவிட்டதாக அர்த்தம் இல்லை, அடுத்த சீட்டில் வாய்ப்பு கொஞ்சமும் கூடப்போவதில்லை. சூதாட்ட இயந்திரத்தில் இரண்டு படம் ஒத்துவந்து மூன்றாவது நழுவும்போது 'இன்னும் ஒரே தடவை' என்று கை பரபரப்பதும் இதே மயக்கம்தான். அங்கே இந்தக் கட்டுரை உதவாது, எழுந்து வந்துவிடுங்கள்.

திறமை சார்ந்தது என்றால், அன்றைக்கே உட்கார்ந்து நடந்ததை எழுதுங்கள். ஒரு வாரம் போனால் ஞாபகம் தனக்குச் சாதகமாகக் கதை கட்டத் தொடங்கிவிடும். தேர்வு என்றால் போன மார்க்கையெல்லாம் மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாமல் போனது, தெரிந்தும் தப்பானது, நேரம் போதாமல் விட்டது. இரண்டாவதில் நிறையப் பேருக்கு அதிர்ச்சி காத்திருக்கும். முதலில் சரியாக எழுதிய விடையைக் கடைசி ஐந்து நிமிடப் பதற்றத்தில் அடித்துவிட்டுத் தப்பாக மாற்றியிருப்போம், கேள்வியில் இருந்த 'அல்லாதது எது' என்பதைப் படிக்காமலே தாண்டியிருப்போம். இதற்கெல்லாம் பாடத்தை இன்னொரு தடவை படித்து ஒரு பயனும் இல்லை, கடிகாரம் வைத்து மாதிரித் தேர்வு எழுதித்தான் சரிசெய்ய முடியும். நேர்காணல் என்றால் நன்றி சொல்லி இரண்டே வரியில் எங்கே குறைந்தது என்று கேட்டு எழுதுங்கள், பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள், பரவாயில்லை.

அப்புறம்தான் பலர் விழும் இடம் வருகிறது. இரண்டு மார்க்கில் போனதால் அடுத்த முறை இரண்டு மார்க் கூட எடுத்தால் போதும் என்று நினைப்பது. அடுத்த வினாத்தாள் கஷ்டமாக வந்தால்? போட்டியாளர்கள் கூடினால்?

2019 செப்டம்பரில் சந்திரயான்-2 தரையிறங்கு கலன் நிலவை நெருங்கிய கடைசிக் கட்டத்தில்தான் கைவிட்டுப் போனது. என்ஜின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தது, பிழைகள் சேர்ந்துகொண்டே போயின, இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். அந்த ஒரு கோளாறை மட்டும் சரிசெய்து மறுபடி அனுப்பியிருக்கலாம். இஸ்ரோ அப்படிச் செய்யவில்லை. என்னவெல்லாம் கெட்டுப்போகலாம் என்று பட்டியல் போட்டு, இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்து, கால்களை வலுவாக்கி, எரிபொருளையும் கூட்டினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. உங்கள் திட்டத்திலும் அப்படி ஒரு தாராளம் இருக்கட்டும்: இரண்டு மார்க் குறைந்ததா, பதினைந்து கூட எடுப்பதற்குத் தயாராகுங்கள்.

இதெல்லாம் வெறும் தேறுதல் பேச்சு இல்லை. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பித்த இளம் விஞ்ஞானிகளை வைத்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. மயிரிழையில் நிதியை இழந்தவர்களில் ஒரு பகுதியினர் துறையைவிட்டே போய்விட்டார்கள், ஆனால் விடாமல் நின்றவர்கள், மயிரிழையில் நிதி பெற்றவர்களைவிடப் பின்னாளில் நல்ல ஆய்வுகளைத் தந்தார்கள். பலவீனமானவர்கள் விலகியதால் மட்டும் வந்த வித்தியாசமில்லை இது என்பதையும் கணக்கிட்டுக் காட்டியிருந்தார்கள்.

விலகிப் போனவர்களும் முட்டாள்கள் இல்லை. வயது வரம்பு, குடும்பச் செலவு, உடம்பு, எல்லாம் நிஜம். அதனால் மறுபடி விண்ணப்பிக்கும் நாளிலேயே, எத்தனை முறை வரை முயல்வது, எவ்வளவு பணம் வரை செலவழிப்பது என்று தெளிவாக எழுதி, வீட்டில் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். தோற்ற அன்று ராத்திரி இந்த முடிவை எடுக்க உட்காராதீர்கள்.