ஓடிபி வராமலே போன பணம்

கிரெடிட் கார்டில் வெளிநாட்டுக் கடை ஒன்றின் பெயரில் ஒரு டாலர் கழிந்ததாகக் குறுஞ்செய்தி. அடுத்து அதே பெயரில் பெரிய தொகை. ஓடிபி எதுவும் வரவில்லை. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் அது தேவையே இல்லை. திருடிய கார்டு எண் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஒரு டாலர்.

கார்டை உடனே முடக்கினேன். ஆனால் வங்கியின் சேவை மையம், "பரிவர்த்தனை இன்னும் நிலுவையில் இருக்கிறது சார், பில்லில் ஏறியதும் கூப்பிடுங்கள்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னது. கடைக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை.

இதில் பலர் கவனிக்காத விஷயம், பில்லில் ஏறும்வரை காலக்கெடு காத்திருக்காது. அப்போது நடப்பில் இருந்த ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் வங்கியிடம் புகார் செய்தால், மூன்றாம் நபர் செய்த மோசடிக்கு வாடிக்கையாளர் பொறுப்பல்ல. தவறு அவருடையது என்று நிரூபிப்பதும் வங்கியின் வேலை.

அப்புறம் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்து ஒப்புகை எண் வாங்கினேன். அந்த எண், சுற்றறிக்கையின் தேதி, குறுஞ்செய்திகள் வந்த நேரம், 'ஓடிபி பதிவைக் காட்டுங்கள்' என்ற கேள்வி எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி, கெடுவுக்குள் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். அதற்குத்தான் பதில் வந்தது. தொகையைத் தற்காலிகமாக வரவு வைத்தார்கள், விசாரணை முடிந்ததும் அது நிரந்தரமானது. பெரிய நிம்மதி.

புதிய கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்தே வைத்திருக்கிறேன்.